ஊர்சுற்றி பதில்கள்: மீன் காயும்போது போங்கள்

போன இதழில் நார்வே நாட்டின் லோஃபோட்டன் தீவுகளைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குப் புதுவை, கடலூர் பக்கமிருந்து இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. மற்ற ஊர்களை அடுத்த முறை பார்ப்போம், இந்த முறை முழுக்க அந்தத் தீவுகள்தான்.

"அண்ணன் குடும்பம் பாரீஸில் இருக்கிறது. அடுத்த வருடம் நாங்கள் நாலு பேரும் அங்கே போகிறோம். பாறை மேல் கால்பந்து மைதானம் இருக்கிற மீனவ ஊரைப் போனில் பார்த்ததிலிருந்து என் மகன் அங்கேயும் போகணும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். ஜூனில் சூரியனே மறையாதாமே, அப்போது போகலாமா?"
ஒரு வாசகி, லாஸ்பேட்டை

அந்த ஊர் ஹென்னிங்ஸ்வேர். ஏறக்குறைய ஐந்நூறு பேர் வசிக்கிற குட்டி ஊர், பாலங்களால் கோத்த தீவுகள், தீவின் நுனியில் பாறையைச் சமப்படுத்திப் போட்ட மைதானம், அதைச் சுற்றி மீன் காயவைக்கும் மரப்பந்தல்கள். போனில் பச்சைப் புல்லும் நீலக்கடலும் மட்டும் தெரிந்திருக்கும், பந்தல்களை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஜூனில் போகலாம், தப்பில்லை. அந்த இடம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 68 டிகிரியில் இருக்கிறது, நம் கடலூர் 12 கூட இல்லை. மே மாதக் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை நடுராத்திரியிலும் வெயில்தான். பையன் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பந்து விளையாடலாம், நீங்கள் தூங்க முடியாமல் ஜன்னலுக்குப் போர்வை கட்டலாம். ஆனால் அந்த நேரத்தில் உலகமே அங்கேதான் இருக்கும், ரூம் வாடகை எகிறும், குறுகலான சாலையில் கேரவன் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஊரும், பந்தலில் இருந்த மீனும் இறங்கிக்கொண்டிருக்கும் அல்லது இறங்கியே போயிருக்கும். மீன் சீசன் முடிந்த மீனூருக்குப் போவது எனக்கு அவ்வளவு உவப்பில்லை.

என்னைக் கேட்டால் மார்ச். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வடக்கே பேரண்ட்ஸ் கடலிலிருந்து பெரிய காட் மீன் கூட்டம் முட்டையிட இந்தத் தீவுகளுக்குக் கீழே இறங்கி வருகிறது. அங்கே அதற்கு ஸ்க்ரை என்று தனிப் பெயரே உண்டு. ஆயிரம் வருடமாக அந்த ஊர்கள் பிழைப்பது இந்த மூன்று நான்கு மாதத்தில்தான். மார்ச்சில் போனால் படகு வருவதையும், கரையில் மீன் வெட்டுவதையும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் மீன்தலையிலிருந்து நாக்கை மட்டும் அறுத்தெடுத்து விற்றுக் கைக்காசு சம்பாதிப்பதையும் பார்க்கலாம் (உங்கள் மகனுக்கு இதைக் காட்டுங்கள், பாக்கெட் மணி பற்றி வீட்டில் பேச்சு குறையலாம்). பகல் பன்னிரண்டு மணி நேரம் கிடைக்கும், ராத்திரி மேகம் விலகினால் வானத்தில் பச்சை ஒளி ஆடுவதும் தெரியும். ஜூனில் வானம் இருட்டவே இருட்டாது, அதனால் அந்த ஒளியைப் பார்க்க வழியே இல்லை.

குளிர்? பயப்படுகிற அளவுக்கு இல்லை. தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் அந்தக் கரையைத் தொட்டுக்கொண்டு போவதால், துருவ வட்டத்துக்கு மேலே இருந்தும் மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். படுத்துவது காற்றுதான். உடம்போடு ஒட்டிய கம்பளி உள்ளாடை ஒன்று, மேலே காற்று புகாத ஜாக்கெட் ஒன்று, அப்புறம் ஷூவுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் இரும்பு முள், அது அங்கே கடைகளிலேயே கிடைக்கும். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள், உறைந்த தரையில் நம் நடை செல்லாது.

தங்குவதற்கு ஸ்வோல்வேர் நகரம் வசதி, ஹென்னிங்ஸ்வேருக்கு அங்கிருந்து சுமார் அரை மணி நேரப் பயணம். பாரீஸிலிருந்து ஆஸ்லோவுக்கும், ஆஸ்லோவிலிருந்து பூடோவுக்கும் விமானம். பூடோவிலிருந்து சின்ன விமானமும் இருக்கிறது, ஆனால் 1893-லிருந்து அந்தக் கரையோரம் ஓடிக்கொண்டிருக்கும் ஹூர்டிரூட்டன் கப்பலில் ஏறுங்கள். மத்தியானம் கிளம்பினால் ராத்திரி ஸ்வோல்வேர். கடலுக்குள்ளிருந்து மலைச்சுவர் எழும்பி வருவதை விமான ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒன்றும் இல்லை.

வாடகைக் கார் மட்டும் மார்ச்சில் வேண்டவே வேண்டாம். ஈ.சி.ஆரில் முப்பது வருடம் ஓட்டினவருக்கும் பனிச்சாலை புதுசு.

"பிரான்ஸ் விசா வாங்கினால் நார்வேக்கும் செல்லுமா, தனியாக எடுக்கணுமா?"
ஒரு வாசகர், ரெட்டியார்பாளையம்

செல்லும். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கன் என்கிற ஒரே விசா வட்டத்தில் இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாரீஸில் இரண்டு வாரம், நார்வேயில் ஒரு வாரம் என்றால் பிரான்ஸ். விண்ணப்பத்தில் நார்வே பயணத்தையும் மறைக்காமல் எழுதி டிக்கெட், தங்குமிட முன்பதிவை இணையுங்கள். பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. ஆறு மாதம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கொண்ட குடும்பமாக இருந்து உங்கள் கையிலேயே அந்த பாஸ்போர்ட் இருந்தால் இந்தக் கேள்வியே உங்களுக்கு இல்லை.

"நான் ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். சுற்றிப் பார்க்கப் போகிற வசதி எனக்குக் கிடையாது, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அங்கே தடைக்காலம் உண்டா? சின்னப் படகுக்காரன் பிழைக்கிறானா, இல்லை பெரிய கப்பல்காரன் வழித்துக்கொண்டு போகிறானா?"
ஒரு வாசகர், தேவனாம்பட்டினம்

அண்ணே, வந்த கேள்விகளிலேயே இதுதான் எனக்குப் பிடித்தது.

நமக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் என்று இருக்கிற மாதிரி எல்லா விசைப்படகுக்கும் ஒரே பூட்டு அங்கே கிடையாது. படகுக்கு இவ்வளவு எடை என்று ஒதுக்கீடு. பிடித்து முடித்தால் அந்த மீனுக்கு அந்த வருடம் முடிந்தது, வேறு மீனுக்குப் போக வேண்டியதுதான். இது சும்மா வந்துவிடவில்லை. 1989-ல் காட் மீன் இருப்பு அடிமட்டத்துக்குப் போய், சீசன் நடுவில் ஏப்ரல் மாதத்திலேயே கரையோரப் படகுகளை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வருடத்திலிருந்து படகுவாரியாக ஒதுக்கீடு வந்தது. மீன் திரும்ப ஏறியது. ஆனால் ஒதுக்கீடு என்பது காசு பெறுமானமுள்ள சொத்தாகிவிட்டதால், புதிதாகத் தொழிலுக்கு வர நினைக்கிற இளைஞனுக்குப் படகை விட உரிமைக்குத்தான் அதிகம் அழ வேண்டியிருக்கிறது என்ற புகார் அங்கேயும் உண்டு.

பெரிய கப்பல் சண்டையும் உண்டு. ஸ்வோல்வேரிலிருந்து படகில் போனால் டிரோல்ஃபியோர்டு என்று ஒரு இடுக்கு, இரண்டு பக்கமும் செங்குத்து மலை, வாய் நூறு மீட்டர் அகலம்தான். 1890-ல் அதற்குள் மீன் கூட்டம் புகுந்துவிட, நீராவிக் கப்பல் வைத்திருந்த முதலாளிகள் வாயிலில் வலையைக் கட்டி அடைத்துவிட்டு, உள்ளே வர வேண்டுமானால் காசு கொடு என்றார்கள். துடுப்புப் படகுக்காரர்கள் கூட்டமாகத் திரண்டு வந்து அடித்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். கப்பல்காரர்கள் கொதிநீரைப் பீய்ச்சினார்கள், படகுக்காரர்கள் துடுப்பால் வெளுத்தார்கள். ஸ்வோல்வேரில் பிறந்த ஓவியர் குன்னார் பெர்க் இதைப் பெரிய ஓவியமாகவே வரைந்து வைத்திருக்கிறார். அதற்கப்புறம் சில வருடத்தில் அந்த மாதிரி சுற்றி வளைக்கிற வலைக்கு லோஃபோட்டனில் சட்டத்திலேயே தடை வந்தது. சுருக்குமடி வலைப் பஞ்சாயத்தில் ராத்திரி தூங்காத ஊர்க்காரருக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. சீசன் நேரத்தில் கடலை வலை வாரியாகப் பிரித்துக் கொடுக்கிற பழக்கம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே இருந்தது: செவுள் வலைக்கு இந்தப் பக்கம், கொக்கி கோத்த நீளக்கயிற்றுக்கு அந்தப் பக்கம், கைத்தூண்டிலுக்கு வேறு. அதைக் கண்காணிக்க அரசாங்கம் தனி அதிகாரிகளைப் போட்டிருந்தது. நம் ஊர்ப் பஞ்சாயத்து செய்கிற வேலையை அங்கே சட்டம் செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றுதான் முக்கியம் என்று நினைக்கிறேன், விலை. 1938-ல் ஒரு சட்டம் போட்டார்கள். கரைக்கு வருகிற மீனின் முதல் விற்பனை மீனவர்களே நடத்துகிற விற்பனைச் சங்கத்தின் வழியாகத்தான் நடக்க வேண்டும், அடிமட்ட விலையைச் சொல்கிற அதிகாரமும் அந்தச் சங்கத்துக்குத்தான். வியாபாரி அதற்குக் கீழே கேட்க முடியாது. வடக்கில் அந்தச் சங்கத்தின் தலைமையகம் டிரோம்ஸோவில் இன்றும் இருக்கிறது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிப் படகுக்கு எஞ்சின் போட்டுவிட்டு, ஏலத்தில் அவர் சொன்ன விலைக்கே மீனைத் தள்ளிவிட்டு வருகிற நம் ஆட்களை நினைத்தால், இந்த ஒரு விஷயத்துக்காகவாவது நம் சங்கத்துக்காரர்கள் நாலு பேரை அரசாங்கச் செலவில் அங்கே அனுப்பலாம். நான் அனுப்பினால் உங்களைத்தான் முதலில் அனுப்புவேன்.

"உப்பே போடாமல் கருவாடு போடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நாறிப் போகாதா? நாங்கள் கருவாட்டு வியாபாரம் செய்கிற குடும்பம், நம்ப முடியவில்லை."
ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

நம்ப முடியாதுதான். உப்பில்லாமல் முதுநகரில் வாளை மீனை வெயிலில் போட்டால் மத்தியானத்துக்குள் ஈ மொய்த்துவிடும். அங்கே நடப்பது வேறு. தலையை எடுத்து, குடலைச் சுத்தம் செய்து, இரண்டிரண்டு மீனாக வாலில் கயிறு கட்டி, ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிற மரப்பந்தலில் தொங்கவிடுகிறார்கள். பிப்ரவரியில் தொங்கவிட்டது மே வரை, சிலது ஜூன் தொடக்கம் வரை வெளியிலேயே காய்கிறது. மழை, பனி, காற்று, வெயில் எல்லாம் அதன் மேல்தான். ஈ பிறக்க முடியாத குளிர், ஆனால் மீன் கல்லாக உறைந்து சதை பிளந்துவிடுகிற அளவுக்குக் குளிரும் இல்லை. பூஜ்யத்துக்கு இப்படியும் அப்படியும் நிற்கிற அந்த வெப்பநிலையும் ஓயாத கடல்காற்றும் சேர்ந்தால்தான் சரியாக வரும். இன்னும் வடக்கே போனால் உறைந்து கெடும், தெற்கே வந்தால் புழு வைக்கும். அதனால்தான் லோஃபோட்டன் உலர்மீனுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது.

அப்புறம் உள்ளே எடுத்து வைத்து இன்னும் கொஞ்சம் ஆறவிடுவார்கள். பிறகு தரம் பிரிக்கிறவர் வருவார். பார்த்து, முகர்ந்து, விரலால் அழுத்தி, ஒவ்வொரு மீனாக இருபது தரம் வரை பிரிப்பார். மெஷின் கிடையாது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நெத்திலியைக் கையில் அள்ளியதுமே ஈரப்பதம் சொல்வார்களே, அந்த வித்தைதான்.

நல்ல தரமெல்லாம் இத்தாலிக்குப் போகிறது. அதற்கு ஒரு கதை உண்டு. 1432-ல் வெனிஸ் வியாபாரி பியெத்ரோ குவெரினியின் கப்பல் உடைந்து, பிழைத்த கொஞ்சம் பேர் தெற்குக் கோடியில் இருக்கிற ரோஸ்ட் தீவில் ஒதுங்கினார்கள். மீனவக் குடும்பங்கள் அவர்களை மாதக்கணக்கில் வைத்துச் சோறு போட்டன, அதாவது மீன் போட்டன. ஊர் திரும்பும்போது அவர் உலர்மீனைக் கையோடு எடுத்துப் போனார். இத்தாலிக்காரர்கள் இன்றுவரை அதைக் கேட்டு வாங்குகிறார்கள். தனியாகக் காயவைத்த தலைகள் நைஜீரியாவுக்குப் போகின்றன, அங்கே குழம்புக்கு அது இல்லாமல் ஆகாது. தலைக் கருவாட்டின் அருமை தெரிந்த இன்னொரு ஜனம் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

வாசனை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஏப்ரலில் பந்தலுக்குக் கீழே நடந்தால் வரும். முதுநகர்க்காரருக்கு அது வாசனையே இல்லை.

"நான் ட்ரெக்கிங் போகிறவன், செரினிட்டி கடற்கரையில் சர்ஃபிங்கும் கற்றிருக்கிறேன். என் கூட வருகிற அப்பாவுக்கு வயது 62, மூட்டு வலி. இரண்டு பேருக்கும் அங்கே என்ன இருக்கிறது?"
ஒரு வாசகர், முதலியார்பேட்டை

உங்களுக்கு முதலில். ரெய்ன் என்ற ஊருக்கு மேலே ரெய்ன்பிரிங்கன் என்று ஒரு மலை, 448 மீட்டர். நேபாளத்திலிருந்து ஷெர்பாக்களை வரவழைத்துக் கல் படி போட்டிருக்கிறார்கள், கிட்டத்தட்ட 2000 படி. செஞ்சியில் ராஜகிரி ஏறியிருப்பீர்கள், அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் கடல் மட்டத்திலிருந்தே தொடக்கம். உச்சியிலிருந்து தெரிகிற காட்சிதான் நீங்கள் போனில் பார்க்கிற பாதிப் படங்கள். ஆனால் இது கோடைக்கான மலை. மார்ச்சில் படி பனிக்கு அடியில் இருக்கும், பனிச்சரிவு அபாயமும் உண்டு. இந்த இடத்தில் நான் முதலில் சொன்ன மார்ச் சிபாரிசு உங்களுக்குப் பொருந்தாது, மலை ஏறத்தான் போகிறீர்கள் என்றால் ஜூன் கடைசியோ ஆகஸ்டோ போங்கள்.

ஸ்வோல்வேர் ஊருக்கு மேலேயே ஆட்டுக் கொம்பு மாதிரி இரண்டு முனையோடு ஒரு பாறைத் தூண் நிற்கிறது. 1910-ல் முதலில் ஏறினார்கள். ஒரு கொம்பிலிருந்து இன்னொரு கொம்புக்குத் தாவுகிறவர்களும் இருக்கிறார்கள், கீழே தெரிவது ஊர் இடுகாடு. கயிறும் வழிகாட்டியும் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

சர்ஃபிங்குக்கு உன்ஸ்டாட் என்ற குடா. அலை அருமை, குளிர்காலத்தில் இன்னும் அருமை. ஆனால் தண்ணீர் ஐந்து டிகிரி பக்கம் இருக்கும், தலையிலிருந்து கால் வரை தடிமனான ரப்பர் உடை மாட்டிக்கொண்டுதான் இறங்க முடியும். அங்கேயே வாடகைக்குத் தருகிறார்கள். செரினிட்டியில் நிஜார் போட்டுக்கொண்டு பலகையில் ஏறினவருக்கு அந்த உடையை மாட்டுவதே பாதி உடற்பயிற்சி. கோடையில் கயாக் துடுப்பும் போடலாம். சுண்ணாம்பாறு மாதிரி அமைதியான தண்ணீர்தானே என்று தனியாகக் கிளம்பிவிடாதீர்கள், அந்தத் தீவுகளின் இடுக்குகளில் ஏற்றவற்றம் ஆறு மாதிரி ஓடும். தெற்கே மொஸ்கென் பக்கம் கடலே சுழன்றுகொண்டிருக்கும்.

கூடாரம் போட்டுத் தங்கலாம். தனியார் நிலமாக இருந்தாலும் பயிரில்லாத வெளியில் நடக்கவும் தங்கவும் யாருக்கும் உரிமை உண்டு என்று 1957-லேயே சட்டம். வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்ளி, ஒரே இடத்தில் இரண்டு ராத்திரிக்கு மேல் வேண்டாம். கூட்டம் அதிகமாகிவிட்ட சில கடற்கரைகளில் தடைப் பலகை வைத்திருக்கிறார்கள், அதை மதியுங்கள்.

அப்பாவுக்கு டிரோல்ஃபியோர்டு படகுப் பயணம். கண்ணாடி அறையில் உட்கார்ந்தபடியே வெள்ளைவால் கடற்கழுகு மீனைக் கொத்திக்கொண்டு போவதைப் பார்க்கலாம். வேகப்படகை அவருக்கு எடுக்காதீர்கள், அலையில் தூக்கிப் போடும், மூட்டு சும்மா விடாது. காபெல்வோக்கில் 1898-ல் மரத்திலேயே கட்டின பெரிய மாதா கோயில் மாதிரியான தேவாலயம் இருக்கிறது, மீன் சீசனுக்கு வந்து குவிகிற வெளியூர் மீனவர்களும் உட்காரட்டும் என்று 1200 பேருக்கு இடம் வைத்துக் கட்டினது. பக்கத்திலேயே மீன் காட்சியகமும் அருங்காட்சியகமும். மார்ச்சில் போவதாக இருந்தால் ஸ்வோல்வேரில் காட் மீன் தூண்டில் போட்டி நடக்கும், பெயர் கொடுத்தால் வெளியூர்க்காரரும் படகில் ஏறலாம். மூட்டு வலிக்கும் தூண்டிலுக்கும் பகையில்லை.

"சரக்கு விலை என்ன?"
ஒரு வாசகர், புதுச்சேரி (தெருப் பெயர் சொல்லவில்லை)

புதுவையில் இருந்துகொண்டு இதைக் கேட்கிற தைரியம் உங்களுக்குத்தான். பீருக்கு மேலே எது வேண்டுமானாலும் அரசாங்கக் கடையில்தான், 1922-லிருந்து அப்படி. சாயங்காலம் சீக்கிரம் பூட்டிவிடுவார்கள், ஞாயிறு கிடையாது. விலையைக் கேட்டால் போதை இறங்கிவிடும். காபியே ஐம்பது குரோனர் பக்கம், நம் காசுக்கு நானூறு ரூபாய்க்கு மேலே. குழாய்த் தண்ணீர் இலவசம், பிரமாதமாகவும் இருக்கும்.

"ஓட்டல் சாப்பாட்டுக்குக் கட்டுப்படியாகாது என்றால் இங்கிருந்தே அரிசி, குழம்புப் பொடி, கருவாடு எடுத்துக்கொண்டு போய்ச் சமைக்கலாமா?"
ஒரு வாசகி, மஞ்சக்குப்பம்

அதுதான் புத்திசாலித்தனம். ரோர்பு என்று சொல்கிற பழைய மீனவக் குடில்களை எடுங்கள், தண்ணீருக்கு மேலே மரக்காலில் நிற்கிற சிவப்பு வீடு, பெரும்பாலும் சமையலறையோடு வரும். வெளியூரிலிருந்து துடுப்புப் போட்டு வருகிற மீனவர்கள் படகைக் கவிழ்த்துப் போட்டு அதற்கடியில் படுக்கிறார்களே என்று 1120 வாக்கில் ஓய்ஸ்டைன் ராஜா கட்டிக்கொடுக்கச் சொன்னதில் தொடங்கியது இந்தக் குடில் வழக்கம். இன்று அதன் வாடகை ராஜாவுக்குத்தான் கட்டுப்படியாகும் போலிருக்கிறது, ஆனாலும் நாலு பேர் பகிர்ந்து சமைத்துச் சாப்பிட்டால் ஓட்டலை விட லாபம்.

பொடி தாராளமாகக் கொண்டு போங்கள், அரிசி அங்கேயே கடையில் கிடைக்கும். நெய், பால்கோவா, இறைச்சி சேர்ந்த எதுவும் பெட்டியில் வேண்டாம், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களை உள்ளே விடமாட்டார்கள். மீன் அங்கேயே கிடைக்கும், துறைமுகத்தில் நல்ல காட் துண்டு வாங்கிப் புளி கரைத்துக் குழம்பு வையுங்கள். சதை கொஞ்சம் இதழ் இதழாகப் பிரியும், அதனால் கொதி அடங்கின பிறகு மீனைப் போட்டு மூடிவிடுங்கள், கரண்டி போட்டுக் கிளறக் கூடாது.

கருவாட்டைச் சொந்த உபயோகத்துக்கு அளவாக எடுத்துப் போகலாம், நன்றாகப் பொதிந்து பெரிய பெட்டியில் வையுங்கள். ஆனால் மர வீட்டில் அதை வறுக்காதீர்கள். கூரை முழுக்கப் புகை அலாரம், ஒன்று அலறினால் எல்லாம் அலறும். குழம்பில் போட்டால் ஒரு தொந்தரவும் இல்லை.